இரும்பு இறங்கிய வழி

வண்டிகள் ஓடாத பாதையொன்றைத் தேடிச் சைக்கிளில் புறப்படுகிறவன் கடைசியில் போய்ச் சேருமிடம், பெரும்பாலும், ஒரு காலத்தில் வண்டிகள் ஓயாமல் ஓடிய பாதையாகவே இருக்கிறது. மனித சஞ்சாரமே அறியாத வனாந்தரத்தில் சைக்கிள் ஓட்ட முடியாது. சக்கரம் உருள ஒரு தளம் வேண்டும். மனிதன் மிதித்து ஏறக்கூடிய சரிவு வேண்டும். மழைநீர் பாதையை அரித்துவிடாமல் வடிய இரு பக்கமும் கால்வாய் வேண்டும். இவற்றை யாரோ சிலர், ஏதோ ஒரு லாபத்தையோ யுத்தத்தையோ உத்தேசித்து, பொருளும் உடலுழைப்பும் செலவிட்டு முன்னமே செய்துவைத்திருக்க வேண்டும். பின்னர் அந்த லாபம் வற்றியோ அந்த யுத்தம் முடிந்தோ, அவர்கள் பாதையை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கவும் வேண்டும். இரண்டும் ஒருசேர வாய்த்த இடங்களிலேதான், இன்று நாம் ஏகாந்தம் என்று கொண்டாடுகிற அந்த நிசப்தம் கிடைக்கிறது.

இதற்கு நான் அறிந்த சிறந்த திருஷ்டாந்தம், இங்கிலாந்தின் வடகிழக்கே யார்க்‌ஷயரில் உள்ள நார்த் யார்க் மூர்ஸ் என்னும் மேட்டு நிலம். 1952-ல் அதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மலை என்றதும் கூரிய சிகரங்களையும் வீழ்ந்து சிதறும் அருவிகளையும் கற்பனை செய்துகொள்ளும் பழக்கமுள்ளவர்கள் அங்கே சென்றால் முதலில் சற்று ஏமாந்துதான் போவார்கள். ஏனெனில் அந்தப் பிரதேசத்தில் ஏற வேண்டிய மட்டும் ஏறிய பிறகு கண்ணெதிரே விரிவது ஒரு சமவெளி. அதன் அதியுயர்ந்த இடமான உர்ரா மூர்கூடக் கடல் மட்டத்துக்கு மேல் 1,490 அடிதான். ஊர்களும் வயல்களும் கற்சுவர் கட்டிய மேய்ச்சல் நிலங்களும் கீழே, அந்தச் சமவெளியைக் கத்தியால் கீறியதுபோல் இறங்கும் பள்ளத்தாக்குகளில், ஒன்றையொன்று பார்க்காமல் ஒதுங்கிக் கிடக்கின்றன. மேலே மரமில்லை, வீடில்லை, வேலியில்லை; முழங்காலளவுக்கு வளரும் ஹெதர் என்னும் புதரும், அதை மேயும் கறுப்பு முகத்து ஆடுகளும், எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரிலேயே வீசுவதாகத் தோன்றும் காற்றும் மாத்திரமே உண்டு. இந்த உச்சித் தரிசைத்தான் அவ்வூரார் மூர் என்கிறார்கள்.

இந்த மேட்டின் நடுவே, ஃபார்ண்டேல் பள்ளத்தாக்கின் தலைப்பை அணைத்துக்கொண்டு, ஏறாமலும் இறங்காமலும் வளைந்து வளைந்து செல்லும் ஒரு கரிய பாதை இருக்கிறது. 1850-களில் ரோஸ்டேல் என்னும் அடுத்த பள்ளத்தாக்கில் காந்த குணமுள்ள மிக உயர்ந்த இரும்புக்கல் அகப்பட்டது. வடக்கே டர்ஹமிலும் டீஸ் நதிக்கரையிலும் ஊதுலைகள் பசித்துக் காத்திருந்தன. இடையில் இந்த மூர் குறுக்கே நின்றது. அதைக் கடக்க நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே கம்பெனியார் போட்ட இருப்புப்பாதை 1861-ல் திறக்கப்பட்டது. 1,300 அடி உயரத்தை ஒட்டி, மனிதர் தங்கி வாழ மனங்கொள்ளாத அந்தக் காற்றுவெளியில், வெட்டும் மேடுமாக மண்ணை அள்ளிச் சமன்செய்து, கூலிக்காரர்கள் குடிசைகளில் இருந்துகொண்டு கட்டிய பாதை அது. 1865-ல் ரோஸ்டேலின் கிழக்குச் சரிவுக்கு ஒரு கிளையும் பிரிந்தது. சில நூறு பேர் வாழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கின் ஜனத்தொகை, 1871-ம் வருஷத்துக் கணக்கில் மூவாயிரத்தை எட்டிப்பார்த்தது. ஒரே கட்டிலில் ஒரு முறைக்காரன் எழுந்ததும் அடுத்த முறைக்காரன் படுப்பது அக்காலத்துச் சுரங்க ஊர்களில் அதிசயமன்று.

கல்லை அப்படியே ஏற்றி அனுப்பினால் அதிலுள்ள ஈரத்துக்கும் சேர்த்தல்லவா ரயில் கட்டணம் கொடுக்க வேண்டும்? ஆகையால் சரிவில் பிரமாண்டமான சூளைகளைக் கட்டி, கல்லை வறுத்து, நீரையும் வாயுவையும் போக்கி, எடையைக் குறைத்து ஏற்றினார்கள். அந்தச் சூளைகளின் வளைவுகள் இன்றும் கிழக்குச் சரிவில், கூரையிழந்த கோயில் மண்டபம்போல் வரிசையாக நிற்கின்றன. புதிதாய் வருகிற எவரும் அவற்றை ஏதோ பழைய மடாலயத்தின் மிச்சம் என்றே முதலில் எண்ணுவர். வறுக்கும்போது கழிவென்று சரிவில் கொட்டிய தூளிலும் இரும்பு இருக்கிறதென்று பிற்பாடு கண்டுகொண்டு, கல் வெட்டுவது நின்றபின் அந்தத் தூளையும் அள்ளி விற்றார்கள். 1926-ம் வருஷத்துப் பொது வேலைநிறுத்தத்தோடு கடைசிச் சுரங்கம் மூடிற்று. 1929-ல் ரயிலும் நின்று, தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மேற்குச் சுரங்கத்தின் உயர்ந்த புகைபோக்கி மட்டும் அடையாளமாக நெடுங்காலம் நின்று, 1972-ல் அதுவும் இடிக்கப்பட்டது. இன்று ரோஸ்டேலில் ஆட்டு மேய்ச்சலும் தேநீர்க் கடையும் உண்டு. அங்கே ஒரு காலத்தில் இரவும் பகலும் நெருப்பு எரிந்தது என்று சொன்னால் நம்புவதற்குச் சற்றுப் பிரயத்தனம் வேண்டும்.

சைக்கிள்காரனுக்கு இந்தச் சரித்திரத்தால் கிடைக்கும் பிரத்தியட்ச லாபம் ஒன்றுண்டு. நீராவி இஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. ஆகவே சாலை போடுகிறவர்கள் நேரே ஏறி நேரே இறங்கும் இடத்தில், ரயில்பாதை போட்டவர்கள் மலையின் உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார்கள். பள்ளம் வந்தால் மண் கொட்டி நிரப்பினார்கள். திடல் வந்தால் வெட்டினார்கள். இங்கிள்பி என்னும் சரிவின் உச்சியிலிருந்து பிளேக்கி என்னுமிடம் வரையில் ஏழு மைலுக்குச் சற்று முன்பின்னாக நீளும் இந்தத் தடத்தில், உலகத்தின் கூரைமேல் ஓட்டுவதுபோன்ற உணர்ச்சியும், தரைமட்டத்தில் ஓட்டுவதற்கு வேண்டிய சிரமமும் ஒருங்கே கிடைக்கின்றன. தளம் பழைய இஞ்சின் கரிக்கசடும் பொடிக்கல்லும் கலந்தது. காய்ந்திருக்கும்போது டயரின் கீழே மெல்லிய அரவம் எழுப்பும். மழைக்குப் பிறகு ஆங்காங்கே கறுப்பு நீர் தேங்கி, முதுகு நெடுகக் கோலம் போட்டுவிடும். பள்ளத்தாக்கு ஒன்றின் தலைப்பைச் சுற்றிவரும்போது, எதிர்ச் சரிவில் அரை மணி நேரத்துக்கு முன் நாம் கடந்த இடம் கூப்பிடு தூரத்தில் தெரியும். அங்கே வந்துகொண்டிருக்கும் இன்னொருவரைப் பார்க்கலாம், கையசைக்கலாம், ஆனால் அவரைச் சந்திப்பதற்குள் தாகம் எடுத்துவிடும். இறக்கைபோட்டுப் பறக்கும் காகத்துக்கு அரை மைல் இருக்கும் இடைவெளியை, இஞ்சினின் சுபாவத்தை உத்தேசித்து மூன்று மைலாக நீட்டிய அந்தப் பொறியாளர்களுக்கு, அவசரமில்லாத மனிதன் மனமார நன்றி சொல்வான்.

சுற்றிலும் உள்ள ஹெதர்வெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் அது பூக்கும்போது பார்த்த திசையெல்லாம் ஊதா நிறம் படிந்து, தேனின் மணம் காற்றில் கனக்கும். தேனீ வளர்ப்போர் பெட்டிகளைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். இந்தக் காட்சியைக் கண்டவர்கள் மனிதக் கை படாத இயற்கை என்று சொல்லி மகிழ்வது வழக்கம். சுற்றுலாப் பிரசுரங்களும் அவ்வாறே எழுதுகின்றன. அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கோபம் வருவதுண்டு. இந்த மேடு முழுவதும் ஒரு காலத்தில் காடாயிருந்தது. கற்காலத்து வேட்டைக்காரர்கள் அதில் தீ வைக்கத் தொடங்கினார்கள். வெண்கலக் காலத்துக் குடியானவர்கள் மீதியை வெட்டி உழுதார்கள். மரம் போனபின் மழை மண்ணின் சத்தையெல்லாம் கீழே கழுவி இறக்கி, புளித்த, ஏழை மண்ணை மேலே விட்டுவைத்தது. வேறெதற்கும் உதவாத அந்த மண்ணில் ஹெதர் குடியேறிற்று. உழுதவர்களுடைய தலைவர்களின் சமாதி மேடுகள் இன்றும் உச்சிகளிலெல்லாம் தெரிகின்றன. பிளேக்கியிலுள்ள பழைய விடுதியின் கொல்லைப்புறத்திலேயே ஒன்றுண்டு.

அப்படிக் குடியேறிய ஹெதரும் தானாக நிலைப்பதில்லை. விட்டுவிட்டால் அது தண்டு முற்றிக் கட்டையாகும். இடையிடையே பிர்ச்சும் பைனும் முளைத்து, காடு தன் பழைய வீட்டுக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஒரு பறவை. அல்லது அந்தப் பறவையைச் சுடும் மனிதர்கள். சிவப்பு கிரவுஸ் என்னும் காட்டுக்கோழி இனம் இளந்தளிரைத் தின்று, முதிர்ந்த புதரில் கூடு கட்டும். ஆகவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டுமென்று, குளிர்காலத்தில், அக்டோபருக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையே, புதரைத் துண்டு துண்டாக எரிக்கிறார்கள்; ஒரு துண்டின் முறை மறுபடி வரப் பத்துப் பதினைந்து வருஷமாகும். மேட்டின்மேல் பாய்போல் தெரியும் அந்த இளம்பச்சை, கரும்பழுப்புச் சதுரங்கள் யாவும் தீயின் கையெழுத்து. ஆகஸ்டு 12 வந்துவிட்டால் வேட்டைக் காலம் தொடங்கும். துப்பாக்கிக்காரர்கள் ஒளிந்து நிற்கக் கல்லும் புல்லும் கொண்டு கட்டிய தொட்டிகள் பாதையோரத்தில் இலக்கமிட்டு வரிசையாக உள்ளன. சைக்கிளின் அரவம் கேட்டுக் காலடியிலிருந்து விருட்டென்று கிளம்பி, திரும்பிப் போ, திரும்பிப் போ என்று ஆங்கிலத்தில் அதட்டுவது போன்ற குரலில் கத்திக்கொண்டு தாழப் பறந்து போகும் அந்தப் பறவையைக் கண்டு திடுக்கிடாத சைக்கிள்காரன் இல்லை. அதனுடைய சௌகரியத்துக்காகவும் அதன் மரணத்துக்காகவும் வளர்க்கப்பட்ட தோட்டத்தின் ஊடே நாம் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் அந்த அதட்டல் நியாயமாகவே படும்.

தீ எப்போதும் மனிதன் சொற்படி கேட்பதில்லை. 2003 செப்டம்பரில் கடற்பக்கத்து ஃபைலிங்டேல்ஸ் மூரில் தற்செயலாகப் பற்றிய நெருப்பு, புதரையும் அதன்கீழ் படிந்திருந்த முற்றாநிலக்கரி மண்ணையும் சேர்த்து எரித்துவிட்டது. அணைந்தபின் பார்த்தால், மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழங்காலச் செதுக்குக் கற்கள் வெளியே கிடந்தன. யாருமில்லாத வெளி என்று நாம் எண்ணியதில் எத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்பதை ஒரு விபத்து வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பாதையைப் பற்றிப் பேசும்போது, சைக்கிள்காரர்களின் விசித்திரமான வினைப்பயனையும் சொல்லாமல் விடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்காடம் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒரு முறையை வகுத்தார்: ஒவ்வொன்றும் ஆறு அவுன்ஸுக்கு மேற்படாத உடைகற்களைப் பரப்பிவிட்டால், வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரமே அவற்றை அரைத்துப் பொடியாக்கி, அந்தப் பொடியே காரையாகி, கல்லோடு கல்லை இறுக்கிவிடும். சரளைப் பாதை என்று நாம் இப்போது தேடியலைவது ஏறக்குறைய இந்த மக்காடத்தின் பாதையைத்தான். ஆனால் அக்காலத்துச் சைக்கிள்காரர்களுக்கு அது போதவில்லை. 1878-ல் இதே யார்க்‌ஷயரின் ஹாரகேட் நகரத்தில் கூடிச் சைக்கிள் சுற்றுப்பயணச் சங்கத்தைத் தொடங்கியவர்களும் அவர்களுடைய தோழர்களும், 1886-ல் சாலைச் சீர்திருத்த சங்கம் ஒன்றை நிறுவி, குழியும் புழுதியுமில்லாத வழவழப்பான சாலை வேண்டுமென்று பிரசுரங்கள் எழுதினார்கள், அதிகாரிகளை நச்சரித்தார்கள். இரண்டு வருஷத்துக்குப் பின் டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயரைச் செய்து கொடுத்தார். சாலை ஆசை இன்னும் வளர்ந்தது. பிறகு மோட்டார் வந்தது. இரும்புச் சக்கரம் அரைத்து இறுக்கிய பொடியை ரப்பர்ச் சக்கரம் உறிஞ்சி எடுத்து வானத்தில் தூவிற்று. ஊர்ஜனங்கள் புழுதியில் மூச்சுத் திணறினார்கள். 1902-ல் ஹூலி என்னும் நாட்டிங்கம்ஷயர் பொறியாளர், இரும்பு உலையின் கசடோடு தாரைக் கலந்து பரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சாலை சைக்கிள்காரர்கள் கனவில் கண்ட சாலையேதான். ஆனால் அது கிடைத்த நாளிலேயே அது அவர்களுடையதாயில்லை. அவர்கள் கேட்டு வாங்கிய வழவழப்பின்மேல் இன்று மணிக்கு அறுபது மைல் வேகத்தில் லாரி போகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ மக்காடத்தின் மிச்சத்தைத் தேடி மூரின்மேல் அலைகிறார்கள். வரம் கேட்டவன் வரத்தால் வருந்தும் கதைகள் நம் புராணங்களில் நிறைய உண்டு. அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாரும் தார்ச்சாலைக்கு மயங்கிவிட்டதாகவும் சொல்லக்கூடாது. முரட்டுப் பாதையையே விரும்பியவர்கள் அப்போதும் இருந்தார்கள். வேஃபேரர் என்ற புனைபெயரில் எழுதிவந்த ராபின்ஸன், 1919-ம் வருஷத்து வசந்தத் தொடக்கத்தில், பனி மூடிய வேல்ஸ் நாட்டு பெர்வின் மலைக் கணவாயைச் சைக்கிளோடு கடந்து அதைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு தலைமுறையையே மலைப்பாதைகளுக்கு இழுத்துச் சென்றது. அந்தக் கணவாயில் அவருக்கு ஒரு ஞாபகக் கல் வைத்திருக்கிறார்கள். அவருடைய வழியைப் பின்பற்றியவர்கள் 1955-ல் லெமின்ஸ்டர் நகரத்து விடுதி ஒன்றில் கூடி ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். இவர்களிடம் விசேஷ வண்டி ஒன்றும் இருக்கவில்லை. சாதாரணச் சுற்றுலாச் சைக்கிள், கம்பளிச் சட்டை, சுருட்டுக் குழாய். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டினார்கள். முடியாத இடத்தில் தோளில் தூக்கினார்கள். தூக்குவதில் வெட்கம் இருக்கவில்லை. இன்று கிராவல் பைக் என்ற பெயரில், 40 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயரும், கீழே வளைந்த கைப்பிடியும், செங்குத்தான ஏற்றத்துக்கான சிறிய கியரும் கொண்ட வண்டியைத் தனி இனமாக விற்கிறார்கள். வண்டி நல்ல வண்டிதான். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டால், கல்லின் அதிர்ச்சி மணிக்கட்டுக்கு வந்து சேராமல் டயரிலேயே ஜீரணமாகிவிடுகிறது. அகலமான ரப்பர் கல்லைத் தள்ளிவிடாமல் அணைத்துக்கொண்டு உருள்கிறது. ஆனால் இந்த வண்டியை வாங்கியபின் இறங்கித் தள்ளுவதை அவமானமாக எண்ணும் மனோபாவமும் சிலருக்குக் கூடவே வந்துவிடுகிறது. அதற்குப் பழைய சங்கத்தாரின் சுருட்டுக் குழாய் எவ்வளவோ மேல்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நடைபாதை என்று பதிவான தடத்தில் சைக்கிளுக்கு உரிமை இல்லை. குதிரைப் பாதைகளில் 1968-ம் வருஷத்து நாட்டுப்புறச் சட்டம் உரிமை கொடுத்தது, நடப்போருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டுமென்ற நிபந்தனையோடு. 2000-ல் மேட்டு நிலங்களில் இஷ்டம்போல் திரியும் உரிமை வந்தபோதும் அது காலால் நடப்போருக்கு மாத்திரமே. எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டால் 2003-ம் வருஷத்துச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் நடந்தோ குதிரையிலோ சைக்கிளிலோ போகலாமென்று தாராளமாகத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரே தீவு, இரண்டு மனசு. ஆகவே யார்க்‌ஷயரில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் புள்ளிக்கோடு மனிதனுக்கா குதிரைக்கா என்று பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

மூரின் கிழக்கு, தெற்கு ஓரங்களில் திடீரென்று இருள் சூழ்ந்ததுபோல் காடு தொடங்கும். டால்பி, க்ராப்டன் முதலிய இந்தக் காடுகளும் கணக்குப் போட்டு வளர்த்தவையே. முதல் உலக யுத்தத்தின்போது நீர்மூழ்கிக் கப்பல்கள் வெளிநாட்டு மரத்தைத் தடுத்தன. நிலக்கரிச் சுரங்கத்தின் கூரையைத் தாங்கவும், போர்முனைப் பதுங்குகுழிக்கு முட்டுக் கொடுக்கவும் உள்நாட்டு மரம் போதவில்லை. நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் காடு என்ற உண்மை அப்போதுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. 1919-ல் வனக் கமிஷனை நிறுவினார்கள். ஹெதர்மண்ணின் கீழே, மழை இறக்கிய இரும்பு உறைந்து, தகடுபோல் ஒரு கடினப் படலம் உண்டு. வேர் அதைத் துளைக்காது, நீரும் அதில் இறங்காது. கனமான கலப்பைகளைக் கொண்டு அந்தப் படலத்தை உடைத்து, அமெரிக்காவின் மேலைக் கடற்கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸையும் பைன் வகைகளையும் வரிசை வரிசையாக நட்டார்கள். 1930-களில் தொழிலாளர் இலாகா, வேலையிழந்த நகரத்து இளைஞர்களைப் பயிற்சி என்ற பெயரில் டால்பி முதலிய முகாம்களுக்கு அனுப்பி, மண்வெட்டியும் கூடையுமாகப் பாதை போட வைத்தது. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க நட்ட மரம் வளர்ந்து முடிவதற்குள் சுரங்கங்கள் அந்த மரத்தை விட்டு எஃகுக்குப் போய்விட்டன. பிறகு சுரங்கங்களே போய்விட்டன. பாதைகள் இருக்கின்றன.

காட்டுப் பாதையில் ஓட்டுவது மூரில் ஓட்டுவதுபோல் அன்று. மரம் ஏற்றும் லாரி திரும்ப வேண்டுமென்பதற்காக அகலமாகவும், தடித்த உடைகல் பரப்பியும் போட்ட பாதை அது. லாரி வராத நாளில் முழு அகலமும் நம்முடையது. ஆனால் பார்வை இரண்டு கஜத்துக்கு அப்பால் மரத்தில் முட்டிக்கொள்கிறது. மூரின்மேல் பத்து மைல் தள்ளிப் பெய்யும் மழையையும் பார்க்கலாம். இங்கே தலைமேல் பெய்யும் மழையும் சற்றுத் தாமதித்தே தெரியும். காற்று நின்றுபோய், தன் மூச்சும் சங்கிலியின் ஓசையும் மட்டும் கேட்கத் தொடங்கும்போது, சிலருக்கு அமைதி வரும். எனக்கு, உள்ளபடி சொன்னால், சற்று அலுப்பு வருகிறது. ஒரே வயதுள்ள மரங்கள் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போவது பள்ளிக்கூடத்து இறைவணக்க வரிசையின் ஊடே நடப்பதுபோலிருக்கிறது. இதனிடையே எங்காவது ஒரு பாத்தியை முழுதும் வெட்டிச் சாய்த்திருப்பார்கள். வெளிச்சம் வெள்ளமாய் வந்து விழும். பிசின் மணம் மூக்கில் ஏறும். அடிக்கட்டைகளுக்கு இடையே பழைய ஹெதர் விதை விழித்துக்கொண்டு தலை நீட்டியிருக்கும். அந்த இடத்தில் இறங்கி நின்று ரொட்டியைப் பிரிப்பது என் வழக்கம்.

ரொட்டி என்றதும் வேறொன்று ஞாபகத்துக்கு வருகிறது. ரோஸ்டேல் தலைப்பில், மூரின்மேல், தடித்த பெட்டி என்ற செல்லப் பெயருடன் வெள்ளையடித்த குட்டைச் சிலுவைக் கல்லொன்று உண்டு. ஊரில்லாத இடத்தில் வழி தெரியாமல் தவித்த யாத்திரிகர்களுக்காக இடைக்காலத்தில் நட்டுவைத்த எல்லைச் சிலுவைகளில் அதுவும் ஒன்று. அதன் தலைமேல் வழிப்போக்கர்கள் தம்மிடமுள்ள தின்பண்டம் ஏதாவது ஒன்றை வைத்துவிட்டு, முன்னால் வந்தவர் வைத்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். பசியோடு போனால், மழையில் நனைந்த பிஸ்கோத்தும் பெயர் தெரியாத மிட்டாயும் கிடைக்கும். ஆயினும் இருப்புப்பாதைக் கம்பெனி, வனக் கமிஷன், வேட்டைப் பிரபு என்று இந்த மேட்டில் வந்தவர்களெல்லாம் எடுத்துக்கொண்டு போக வந்திருக்க, வைப்பதையும் எடுப்பதையும் ஒரே கணக்கில் முடித்துக்கொள்ளும் ஒரு ஸ்தாபனம் இந்தக் கல் ஒன்றுதான்.

பிளேக்கியிலிருந்து திரும்பி மேற்கே வந்தால், பிளோவர்த் என்னுமிடத்தில் பழைய மந்தைப் பாதையொன்று ரயில் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அங்கே கேட் காவலன் வீடு ஒன்று இருந்தது. இப்போது அதன் இடம் மட்டும் இருக்கிறது. இன்னும் ஒரு மைலுக்குச் சற்று மேல் போனால் மேடு சட்டென்று முடிந்துவிடும். காலடியில் இங்கிள்பி சரிவு. 1,430 கஜ நீளம், ஐந்தடிக்கு ஓரடி என்ற கணக்கில் இறக்கம். எந்த இஞ்சினும் தன் சொந்த பலத்தில் இதில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உச்சியில் பெரிய உருளைகளில் கம்பிவடத்தைச் சுற்றி, கல் ஏற்றிய வண்டிகள் தம் பாரத்தால் கீழே இறங்கும்போது, அதே வடத்தின் மறுநுனியில் கட்டிய வெற்று வண்டிகள் தாமாக மேலே ஏறும்படி செய்திருந்தார்கள். கரி வேண்டாம், நீராவி வேண்டாம், பாரமே வேலைக்காரன். மேலே வேலை செய்த இஞ்சின்கள் பழுது பார்ப்பதற்கென்றாலொழிய அந்த மேட்டைவிட்டு இறங்குவதேயில்லை. பனிக்காலத்தில் பாதை வாரக்கணக்கில் அடைபட்டுவிட்டால், இஞ்சினும் மனிதரும் மேலேயே கிடக்க வேண்டியதுதான். வடம் அறுந்து வண்டிகள் தறிகெட்டு ஓடிய நாட்களும் உண்டு.

சைக்கிளில் இதில் இறங்குகிறவன் அந்த வடமில்லாத வண்டியாகிவிடுகிறான். கல் இளகிக் கிடக்கிறது; மழைநீர் நடுவே வாய்க்கால் அறுத்திருக்கிறது. உடலைப் பின்னுக்குத் தள்ளி, ஆசனத்துக்குப் பின்னால் தொங்கியபடி, பின் பிரேக்கை நம்பாமல் முன் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தொட்டு விட்டு, தொட்டு விட்டு இறங்க வேண்டும். பிடித்தே வைத்திருந்தால் சக்கரம் நின்றுபோய்ச் சறுக்கும். பாதி தூரத்தில் விரல் மரத்துவிடும். அப்போது இறங்கித் தள்ளுவதே உத்தமம். இரும்புக்கல்லுக்கே கம்பிவடம் தேவைப்பட்ட இடத்தில் மனிதன் காலை ஊன்றுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

அடிவாரத்திலிருந்து காட்டுப் பாதை ஒன்று, அதுவும் பழைய ரயில் தடமே, பேட்டர்ஸ்பி நிலையத்தை நோக்கி நேராகப் போகிறது. அந்த நிலையத்தில் இன்னும் ரயில் நிற்கிறது. விட்பி துறைமுகத்துக்கும் மிடில்ஸ்பரோவுக்கும் இடையே நாளுக்குச் சில வண்டிகள். இரும்புக்கல் போன திசையிலேயே நாமும் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் கல்லைத் தின்ற ஊதுலைகள் இப்போது இல்லை. டீஸ் முகத்துவாரத்தில் ரெட்காரில் எரிந்துகொண்டிருந்த கடைசி உலை 2015-ல் அணைந்து, 2022 நவம்பரில் வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. சைக்கிளுக்கென்று பெட்டியில் ஒதுக்கிய இடம் கொஞ்சம். முன்னால் வந்தவருக்கே முதலுரிமையென்பதால், சேற்றுக் காலோடு மேடையில் காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் எண்ணிக்கொள்வார்கள். பேட்டர்ஸ்பிக்கு வந்த ரயில் அப்படியே முன்னோக்கிப் போவதில்லை. வந்த முகமாகவே திரும்பி, வேறு தடத்தில் பிரிந்து போகிறது. மேற்கே நேராகப் போன பாதையை 1954-ல் மூடிவிட்டபடியால், நேரே போக வழியில்லை. ஆகவே ஒவ்வொரு வண்டி வந்து நின்றதும், ஓட்டுநர் தம் பையை எடுத்துக்கொண்டு மேடையோடு நடந்து மறுமுனைக்குப் போய் ஏறிக்கொள்கிறார். அவர் போய்ச் சேரும்வரை கதவு திறந்தே இருக்கும், அதற்குள் சைக்கிளை ஏற்றிவிட வேண்டும்.